தேவபக்தியாய் வாழ வேண்டியது எல்லாம் கொடுத்தாயிற்று: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கன்வென்ஷன் பந்தலில் கடைசி நாள் எழுந்து நின்று ஒப்புக்கொடுத்தவர்கள், ஞானஸ்நானம் வாங்கிச் சில மாதங்களே ஆனவர்கள், கல்யாணம் முடிந்து கிறிஸ்தவ வீட்டுக்கு வந்தவர்கள், பிறந்ததிலிருந்து கோயில் மணி கேட்டு வளர்ந்தும் இப்போதுதான் மனசார இதில் இறங்கியிருக்கிறவர்கள், இவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான் இருக்கிறது. சரி, நம்பிவிட்டேன், நாளைக்குக் காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும்? பிரசங்கத்தில் இதற்குப் பதில் வருவது குறைவு. நம்பு, பரிசுத்தமாய் வாழு என்று சொல்லிவிட்டு ஆமென் போட்டுவிடுகிறார்கள். எப்படி என்று கேட்கிற பிள்ளைக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனசில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதற்கு மேல்தான் நிற்கிறது. பேதுரு தன் இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்திலேயே, முதலாம் அதிகாரம் மூன்றாம் வசனத்தில், "ஜீவனுக்கும் தேவபக்திக்கும் வேண்டிய யாவற்றையும், அவருடைய திவ்விய வல்லமையானது நமக்குத் தந்தருளினது" என்று எழுதுகிறார். யாவற்றையும். பாதி கொடுத்து மீதியை நீயே சம்பாதித்துக்கொள் என்று தேவன் சொல்லவில்லை, பெரிய ஊழியர்களுக்கு மட்டும் கொடுத்து நமக்கு இல்லை என்றும் வைக்கவில்லை. இது புரியாததனால்தான் புதிதாக வந்தவர்கள் தங்களிடம் ஏதோ ஒன்று குறைகிறது என்று நினைத்து, இந்த வாரம் இந்தக் கூட்டம், அடுத்த வாரம் அந்த உபவாச ஜெபம், அங்கே ஒருவர் தலையில் கை வைத்தால் சரியாகிவிடும் என்று ஊர் ஊராகப் போகிறார்கள். கூட்டங்களுக்குப் போவதில் தப்பில்லை, நானும் போகிறேன். ஆனால் கையில் இருப்பதை எடுத்துப் புழங்காமல் இல்லாததைத் தேடி அலைகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாகிறது.

அதே நேரம், எல்லாம் கொடுத்தாயிற்று என்றால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்றும் அர்த்தமில்லை. ஐந்தாம் வசனத்திலேயே "அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்" இருக்கச் சொல்கிறார். நம்ம தாமிரபரணியை நினைத்துப் பாருங்கள். பொதிகையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீரை யாரும் உண்டாக்க முடியாது, அது வருகிறது. ஆனால் ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் கட்டி, கால்வாய் வெட்டி, வயலுக்கு மடையைத் திறந்துவிடுகிற வேலை மனுஷன் வேலை. மடையைத் திறக்காதவன் வயல், தண்ணீர் நிறைய வருகிற பிசான நெல் பருவத்திலும் காய்ந்துதான் கிடக்கும், ஆற்றைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இனி நான் சொல்லப்போகிறது எல்லாம் மடை திறக்கிற வேலை பற்றித்தான்.

முதல் வாரம்: பதினோரு வசனங்கள், அவ்வளவுதான்

ஆதியாகமத்திலிருந்து தொடங்கி வருஷத்துக்குள் முழு வேதத்தையும் முடிக்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். லேவியராகமம் வரும்போது பெரும்பாலும் நின்றுவிடும், அப்புறம் குற்ற உணர்வு வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் ஏழு நாளும் 2 பேதுரு 1-ஆம் அதிகாரம், 1 முதல் 11 வரை மட்டும் வாசியுங்கள், தினமும் அதே பகுதி, வாய்விட்டு. ஐந்து நிமிஷம் கூட ஆகாது. பழைய திருப்புதல் கஷ்டமாக இருந்தால் எளிய மொழிபெயர்ப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்ம கோயில்களில் வாசிக்கிற பழைய திருப்புதல் 1871-இல் வந்தது, அந்தக் காலத்து நடை, காதுக்குப் பழகச் சில மாதங்கள் எடுக்கும்.

வாசிக்கும்போது எழுதினது யார் என்பதை மறக்காதீர்கள். கலிலேயாக் கடலில் வலை போட்டவர், படிப்பறியாதவர் என்று ஆலோசனைச் சங்கத்தாரே சொன்ன ஆள், சேவல் கூவுவதற்கு முன்னே மூன்று தரம் ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னவர். சாவு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிந்துதான் இந்த நிருபத்தை எழுதுகிறார், 14-ஆம் வசனத்தில் அதைச் சொல்கிறார். அப்படிப்பட்டவர் கடைசிக் காலத்தில் உட்கார்ந்து, வேண்டியதெல்லாம் கொடுத்தாயிற்று என்று எழுதினால், அதை நம்பலாம். அவர் தன் சொந்த பலத்தின் அளவு என்ன என்று காய்பாவின் வீட்டு முற்றத்தில் பார்த்துவிட்டவர்.

இரண்டாவது: அவரை அறிகிற வேலை

கொடுத்ததெல்லாம் எந்த வழியாக வருகிறது என்று அதே வசனம் சொல்கிறது, "நம்மை அழைத்தவரை அறிகிற அறிவினாலே". இது வேதப் பரீட்சைக்குப் படிக்கிற அறிவு இல்லை. ஒரு வீட்டில் பத்து வருஷம் ஒன்றாக இருந்த அண்ணன் தம்பிக்கு ஒருவரையொருவர் தெரிகிற மாதிரி இயேசுவைத் தெரிந்துகொள்வது. அதற்கு சுவிசேஷங்களை விட்டால் வேறு வழி இல்லை. மாற்கில் தொடங்குங்கள். பதினாறு அதிகாரம்தான், வேகமாக ஓடும், பேதுரு சொல்லக் கேட்டு மாற்கு எழுதினார் என்று ஆதி சபை நம்பி வந்தது, அதனால் பேதுருவின் நிருபத்திலிருந்து அங்கே போவது பொருத்தமாகவும் இருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும். வாசித்து முடித்ததும் நோட்டில் மூன்று வரி: இங்கே இயேசு என்ன செய்தார், யாரிடம் எப்படிப் பேசினார், இதிலிருந்து அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரிகிறது. மூன்றாவது வரிதான் முக்கியம். பெரிய வேதாந்தம் எல்லாம் எழுத வேண்டாம், "குஷ்டரோகியைத் தொட்டார், தொடாமலே சுகமாக்கியிருக்கலாம், ஆனாலும் தொட்டார்" என்று எழுதினால் போதும், அந்த ஒரு வரி நாள் முழுக்கக் கூட வரும்.

நேரம் பற்றிக் கேட்பார்கள். காலைதான் நல்லது என்று பொதுவாகச் சொல்வோம், ஆனால் எல்லார் வீட்டுக் காலையும் ஒன்றில்லை. விடியுமுன் பனையேறப் போகிறவர் இருக்கிறார், ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போகிற பிள்ளை இருக்கிறது, குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின பிறகே மூச்சு விடுகிற தாய்மார் இருக்கிறார்கள். மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றுகிற அக்காமார் ஆடியோ பைபிளைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்யலாம், ஒரே அதிகாரத்தை மறுபடி மறுபடி கேட்டால் மனப்பாடமே ஆகிவிடும், கண்ணால் வாசித்த பலரைவிட அவர்களுக்கு வசனம் நன்றாகத் தெரிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த நேரமோ, அதைத் தினமும் அதே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் வாசிக்கிறவர்கள் டேட்டாவை அணைத்துவிட்டு வாசியுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் வசனத்தில் வாட்ஸ்அப் கூப்பிடும்.

மூன்றாவது: வாக்குத்தத்தங்களை எடுத்துப் புழங்குவது

இதைப் பற்றி நான் கொஞ்சம் கூடவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்ம ஊரில் வாக்குத்தத்தம் என்றாலே புது வருஷ அட்டைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து ஆளுக்கொரு அட்டை எடுப்போம், வீட்டுக்கு வந்து காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுவோம், பிள்ளைகள் உனக்கு என்ன வந்தது எனக்கு என்ன வந்தது என்று பார்த்துக்கொள்ளும். நல்ல வழக்கம்தான், நான் அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அட்டையில் இருக்கிற ஒரு வரியை அதன் இடத்திலிருந்து பிய்த்து எடுத்து, இந்த வருஷம் வீடு கட்டிவிடுவேன், வெளிநாடு போய்விடுவேன் என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொள்வதில்தான் பிள்ளைகள் விசுவாசம் உடைகிறது. வருஷக் கடைசியில் வீடும் வராமல் விசாவும் வராமல் போகும்போது, கர்த்தர் பொய் சொல்லிவிட்டார் என்று உள்ளுக்குள் ஒரு கசப்பு.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அட்டைகளில் அதிகமாக வருகிற வசனம், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". அதற்கு முந்தின வசனத்தை வாசித்தால் எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. அந்த முழுக் கடிதத்தோடு சேர்த்துப் பிடித்தால் அந்த வசனம் நம்மைப் பல வருஷம் தாங்கும், ஒரு வரியாகப் பிடித்தால் டிசம்பர் வரைகூடத் தாங்காது.

பேதுரு நாலாம் வசனத்தில் வாக்குத்தத்தங்கள் எதற்கு என்று தெளிவாகச் சொல்கிறார், உலகத்திலுள்ள கேட்டுக்குத் தப்பி "திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்களாகும்பொருட்டு". அதாவது நம்முடைய குணம் அவருடைய குணம் போல மாறுவதற்கு. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் இந்தப் பக்கத்து வாக்குத்தத்தங்களைச் சேர்த்து வையுங்கள். ஒரு சின்ன நோட்டு, சட்டைப் பையிலோ பர்ஸிலோ அடங்குகிற அளவு. சோதனை நேரத்துக்கு 1 கொரிந்தியர் 10:13, திராணிக்கு மேலாகச் சோதிக்கப்பட இடங்கொடாமல் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார் என்பது. விழுந்துபோன நேரத்துக்கு 1 யோவான் 1:9. என்ன முடிவெடுப்பது என்று தெரியாத நேரத்துக்கு யாக்கோபு 1:5. உடம்பும் மனசும் சோர்ந்த நேரத்துக்கு 2 கொரிந்தியர் 12:9, "என் கிருபை உனக்குப்போதும்". செய்ய வேண்டும் என்கிற ஆசையே வராத நாளுக்குப் பிலிப்பியர் 2:13, விருப்பத்தையும் செய்கையையும் அவரே நம்மில் உண்டாக்குகிறார் என்கிற வசனம், இது எனக்கு மிகவும் பிடித்தது, ஆசை வரவில்லையே என்று அழுகிறவனுக்கு அந்த ஆசையையே தருகிறவர் இருக்கிறார் என்று சொல்கிறது. ஒவ்வொன்றையும் கையால் எழுதி, கீழே முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். ஜெபிக்கும்போது அந்த நோட்டைத் திறந்து, "ஆண்டவரே, நீர் இப்படிச் சொல்லியிருக்கிறீர்" என்று ஆரம்பியுங்கள். ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்கிற கஷ்டம் இதிலேயே பாதி போய்விடும்.

நாலாவது: தப்பி ஓட வேண்டிய இடங்களைத் தெரிந்துவைப்பது

கேட்டுக்குத் தப்பி என்கிறார் பேதுரு. தப்புவது என்றால் காலை எடுத்து நடக்கிற வேலை. எங்கே விழுகிறோம் என்று நமக்கே தெரியும், அதை எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் என்றால் போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து படுங்கள், எழுப்புவதற்குத் தனியாக ஒரு அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். குடியை விட்டவர்கள் டாஸ்மாக் இருக்கிற தெருவை விட்டுவிட்டுச் சுற்றிப் போங்கள், பத்து நிமிஷம் கூட ஆனாலும் பரவாயில்லை. கல்யாண வீட்டில் முந்தின நாள் ராத்திரி கூட்டாளிகள் மறைவாகக் கூப்பிடுவார்கள், அப்போது காய்கறி வெட்டுகிற இடத்தில் போய் உட்கார்ந்து கத்தியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், விடிய விடிய அங்கே வேலை இருக்கும், பெரியம்மா சித்திமார் எல்லாரும் சுற்றி இருப்பார்கள், கூப்பிடுகிறவனும் இரண்டு தரம் பார்த்துவிட்டுப் போய்விடுவான். போக்கை உண்டாக்குவார் என்றால் இப்படித்தான், சில நேரம் அந்தப் போக்கு ஒரு கூடை வெங்காயமாக வரும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்ம பக்கத்தில் ஜெபமும் செய்து, வட்டிக்கும் விட்டு, கடன்பட்டவன் கண்ணீரில் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மகனுக்குப் பெண் பார்க்கும்போது எத்தனை பவுன், கார் உண்டா என்று பேசி முடித்துவிட்டு, பிறகு கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்து ஜெபிக்கிறோம். தேவபக்திக்கு வேண்டியதெல்லாம் கொடுத்தவர், கல்யாணத்துக்கு வேண்டியதைப் பெண்ணின் அப்பாவிடம் பிடுங்கச் சொல்லவில்லை. புதிதாக விசுவாசத்துக்கு வந்த வாலிபர்களே, வரதட்சணை வேண்டாம் என்று வீட்டில் இப்போதே, பெண் பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பேச்சு தொடங்கின பிறகு சொல்வது ரொம்பக் கஷ்டம்.

ஐந்தாவது: ஏழு குணங்களையும் கூட்டிக்கொண்டே போவது

விசுவாசத்தோடே தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், அன்பு என்று பேதுரு வரிசையாகக் கூட்டச் சொல்கிறார். ஒவ்வொன்றாக முடித்துச் சான்றிதழ் வாங்கி அடுத்த வகுப்புக்குப் போகிற கணக்கில்லை இது, எல்லாம் சேர்ந்தேதான் வளரும். ஆனாலும் தொடங்குகிறவருக்கு ஒரு மாதத்துக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்வது எளிது. அந்த மாதம் அதற்காகவே ஜெபியுங்கள், அதில் ஒரு சின்னச் செயலைத் தினமும் செய்யுங்கள்.

தைரியத்துக்கு, ஓட்டலில் சாப்பிடும்முன் கண்ணை மூடி நன்றி சொல்வதில் தொடங்கலாம். ஞானத்துக்கு சுவிசேஷ வாசிப்பும் பெரியவர்களிடம் கேள்வி கேட்பதும் போதும். இச்சையடக்கத்தைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

பொறுமையில் கொஞ்சம் நிற்க வேண்டும். வீட்டில் தனியாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு இதுதான் பெரிய பாடம். ஊர்ச் சாமிக்குக் கொடைத் திருவிழா வரும், வரி கேட்பார்கள், வீட்டார் பொங்கலிடக் கூப்பிடுவார்கள், வரமாட்டேன் என்றால் ஆச்சி அழுவாள். அந்த நேரத்தில் சாமியைப் பழித்துப் பேசாதீர்கள், வீட்டாரைக் கேலி செய்யாதீர்கள், அது விசுவாசமும் இல்லை தைரியமும் இல்லை. கொடைக்கு ரொம்ப நாள் முன்னாலேயே வீட்டில் மூத்தவரிடம் தனியாகப் போய், மரியாதையோடு, என்னால் இதில் சேர முடியாது, ஆனால் வீட்டு வேலை, விருந்தாளிகளுக்குச் சாப்பாடு, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் நான் செய்கிறேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள். பேதுருவே முதல் நிருபத்தில் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல" ஆயத்தமாயிருங்கள் என்கிறார், வணக்கத்தோடும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டார் மனசு மாற வருஷங்கள் ஆகலாம். மாறாமலே போகலாம். அப்போதும் அவர்கள் நம்ம அப்பா அம்மாதான்.

பொறுமைக்கு நம்ம மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 1901-இல் டோனாவூருக்கு வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார், எத்தனையோ பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தவர், 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். அதற்குப் பிறகு 1951-இல் சாகிற வரைக்கும் பெரும்பாலும் அந்த அறையோடும் படுக்கையோடும்தான். ஓடி ஆடி வேலை செய்த ஒருவருக்கு அது எவ்வளவு கொடுமை என்று யோசியுங்கள். அந்த அறையிலிருந்துதான் புத்தகம் புத்தகமாக எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார், ஜெபித்தார். ஜீவனுக்கும் தேவபக்திக்கும் வேண்டியது நல்ல உடம்போடு ஓடுகிறவருக்கு மட்டும் கொடுக்கப்பட்டிருந்தால், அந்த இருபது வருஷத்துக்கு அர்த்தமே இருந்திருக்காது. டோனாவூர் களக்காட்டுக்குப் பக்கம்தான், பஸ் உண்டு, ஒரு தரம் போய் வாருங்கள்.

தேவபக்தி என்பதைக் கோயிலுக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள். கருப்பட்டி காய்ச்சுகிறவர் அதில் சீனி கலக்காமல் விற்பது தேவபக்தி. ஆசிரியர் பாடம் நடத்தாமல் போன் பார்த்துக்கொண்டிராமல் இருப்பது தேவபக்தி. ஆபீசில் வேலை பார்க்கிறவர் மேசைக்கு அடியில் கை நீட்டாதிருப்பதும் அதுதான். இதைச் செய்யும்போது நஷ்டம் வரும், அதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

சகோதர சிநேகம் என்று வரும்போதுதான் நம்ம சபைகளின் பெரிய காயம் தெரிகிறது. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவம் வந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் சாதி கோயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கல்யாணத்தில் இருக்கிறது, கமிட்டித் தேர்தலில் இருக்கிறது, சில இடங்களில் கல்லறைத் தோட்டம் வரைக்கும் வருகிறது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் தம்மிடம் படித்த பிள்ளைகள் எந்தச் சாதியானாலும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நின்றவர். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை என்பது வேதனை. புதிதாக வருகிறவர் இதைப் பார்த்து, இவ்வளவுதானா கிறிஸ்தவம் என்று திரும்பிப் போகத் தோன்றும். போகாதீர்கள், ஆனால் அதற்குப் பழகவும் செய்யாதீர்கள். நீங்கள் செய்யக்கூடியது இது. அசனம் என்கிற சபை விருந்தில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறோம் இல்லையா, அன்றைக்கு உங்களுக்குத் தெரியாத ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், பெயர் கேளுங்கள், வேலை கேளுங்கள், சாதி கேட்காதீர்கள். அந்த மாதத்துக்குள் அவர் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பி குடியுங்கள், அவரை உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள். அசனம் வருஷத்துக்கு ஒரு நாள்தான், வீட்டுப் பந்தியை நாம் எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஏழாவதாக வருகிற அன்பு இதற்கும் மேலே போய், நம்மைப் பிடிக்காதவனையும் உட்கார வைக்கும்.

ஆறாவது: தனியாக நடக்காதிருப்பது

யூடியூப்பில் நல்ல செய்திகள் நிறைய இருக்கின்றன, ஆனால் அதில் வருகிறவருக்கு உங்கள் பெயர் தெரியாது. சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், சகோதர சபை, பெந்தெகொஸ்தே, ரட்சணிய சேனை என்று நம்ம மாவட்டத்தில் எல்லாம் உண்டு. வேதத்தை மையமாக வைத்து, இயேசுவை உயர்த்தி, நீங்கள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிக்கிற சபையாகப் பாருங்கள். மாதந்தோறும் சபை மாறிக்கொண்டிருக்காதீர்கள். காணிக்கை கொடுத்தால் வியாதி போகும், கொடுக்காவிட்டால் சாபம் வரும் என்று பேசுகிற இடத்திலிருந்து சத்தமில்லாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகு உங்களை சேகரத்து ஐயரிடமோ (போதகரிடமோ) சபை ஊழியரிடமோ நேரில் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள், நான் புதிது, எனக்குச் சொல்லித்தர யாராவது வேண்டும் என்று கேளுங்கள். அவர்களுக்கு வேலை நிறைய, நீங்களாகக் கேட்டால்தான் நடக்கும். எனக்குத் தெரிந்து நல்லது, வயதான ஒரு ஜெபிக்கிற அம்மாவையோ தாத்தாவையோ கண்டுபிடித்து வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவர்களோடு உட்காருவது. எந்த ஊர்ச் சபையிலும் அப்படி ஒருவர் இருப்பார், முன்வரிசையில் இருக்கமாட்டார். நற்கருணையைத் தவறவிடாதீர்கள். சமைக்கும்போது கைப்பிடி அரிசி எடுத்துத் தனியாக வைக்கிற வழக்கத்தை உங்கள் வீட்டிலும் தொடங்குங்கள். நம்ம ஊர் ஏழைப் பெண்கள் அப்படி வைத்த அரிசியால் எத்தனையோ ஊழியங்கள் நடந்திருக்கின்றன. வேண்டியதெல்லாம் பெற்றிருக்கிறேன் என்று வாயால் சொல்வதைவிட, தினமும் ஒரு பிடி எடுத்துவைக்கிற கை அதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தயங்குகிறவர்கள் பாளையங்கோட்டை கிளாரிந்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை, ஒரு வெள்ளைக்கார அதிகாரியோடு கல்யாணம் ஆகாமல் வாழ்ந்ததால் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-இல் ஞானஸ்நானம் கிடைத்தது. 1785-இல் அந்த அம்மாள் கட்டின கோயில் பாளையங்கோட்டையில் இன்றைக்கும் இருக்கிறது, பாப்பாத்தியம்மாள் கோயில் என்று யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். மறுக்கப்பட்ட வருஷங்களில் அவர் விலகிப் போகவில்லை, தனக்குத் தெரிந்ததை வீட்டைச் சுற்றி இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தில் நிற்கிற ஆள் அவர்தான்.

விழுந்துவிட்டால்

விழுவீர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த வழிகாட்டி பொய்யாகிவிடும். மூன்று மாதம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு நாள் பழைய இடத்திலேயே கிடப்பீர்கள். அப்போது முதலில் வருகிற யோசனை, நான் உண்மையில் இரட்சிக்கப்படவே இல்லை போல, எனக்கு இது சரிப்படாது என்பது. இரண்டாவது யோசனை, கொஞ்ச நாள் கோயில் பக்கம் போகாமல் இருந்து, சரியான பிறகு போகலாம் என்பது. இரண்டையும் கேட்காதீர்கள்.

ஒன்பதாம் வசனத்தில் பேதுரு இதற்குக் காரணம் சொல்கிறார், கனியில்லாதவன் தான் "சுத்திகரிக்கப்பட்டதை மறந்து" போனவன் என்கிறார். மறதிதான் வியாதி. ஆகவே மருந்து, ஞாபகப்படுத்திக்கொள்வது. அன்றைக்கே, மறுநாளைக்குத் தள்ளிப்போடாமல், முழங்கால் போட்டு, செய்ததைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள், பொதுவாக "என் பாவங்களை மன்னியும்" என்று முடித்துவிடாதீர்கள். 1 யோவான் 1:9-ஐ வாய்விட்டு வாசியுங்கள். யாருக்காவது நஷ்டம் செய்திருந்தால் அடுத்த நாளே போய்ச் சரி செய்யுங்கள், பணமானால் பணம், பேச்சானால் மன்னிப்பு. உங்களோடு உட்காருகிற அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாகக் கோயிலுக்குப் போங்கள், பொது பாவ அறிக்கையை அன்றைக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். குற்ற உணர்வு விடாமல் மாதக்கணக்கில் நெருக்கி, தூக்கம் இல்லாமல், உயிரையே வெறுக்க வைத்தால், ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள், அதுவும் கர்த்தர் வைத்திருக்கிற உதவிதான்.

பேதுரு மறுதலிக்கப்போகிறார் என்று இயேசுவுக்கு முன்னமே தெரிந்திருந்தது. தெரிந்தும், "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று லூக்கா 22:32-இல் சொல்கிறார். விழுவதற்கு முன்னாலேயே ஜெபம் ஏறெடுக்கப்பட்டுவிட்டது. அதே வசனத்தில், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்று வேலையும் கொடுத்துவிட்டார்.

மாற்கை முடித்ததும் 1 பேதுருவுக்குப் போங்கள், ஐந்து அதிகாரம். அப்புறம் மறுபடி 2 பேதுருவின் அந்தப் பதினோரு வசனங்களை ஒரு வாரம் வாசியுங்கள், முதல் தடவை எழுதின நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அதற்குப் பிறகு லூக்கா, அப்போஸ்தலர் நடபடிகள். ராத்திரிக்குச் சங்கீதம், ஒரு நாளைக்கு ஒன்று, வீட்டில் எல்லாரும் கூடி வாசிக்க முடிந்தால் இன்னும் நல்லது, வாசிக்கிற முறையைச் சின்னப் பிள்ளைக்கும் கொடுங்கள், எழுத்துக் கூட்டி வாசித்தாலும் நடுவில் திருத்தாமல் முடிக்க விடுங்கள்.